எந்த அறை என்று சொல்லாதீர்கள்

எனக்குத் தெரியக் கூடாது, எலிசேயோ.
அதற்குத்தான் சம்பளம்.

சான் அந்தோனியோ துறைமுகத்தில்
பதினொரு வருடம் கிரேன் உச்சியிலிருந்து
கண்ணாடித் தரை வழியே கீழே பார்த்த கழுத்து.
பிடரியில் கிளம்பும் வலி
காதைச் சுற்றிக்கொண்டு
வலது கண்ணில் வந்து குந்துகிறது.

ஓர் அறையில் மரீட்சா:
வெடுக்கென்று ஒரு திருப்பு, மளுக்.
அடுத்ததில் ஓஸ்வால்தோ:
மண்டையோட்டின் விளிம்பில் விரல்நுனிகளை வைத்துவிட்டு
தசை தானாக இறங்கும்வரை
சும்மா இருப்பான்.
யாருக்கு எந்தக் கை என்பது
ஒட்டிய உறைக்குள்.
நான் அளப்பதோடு சரி.

தாடையை மார்பில் பதித்துத் தலையைத் திருப்புகிறேன்.
போன மாதம் இருபத்தொரு டிகிரி,
இன்று முப்பத்தெட்டு.

அவருக்குச் சிரிப்பு முட்டுகிறது.
விரலை மடக்கிச் சொடக்கெடுக்கப் போகிறார்;
கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"வேறொன்று சொல்லலாமா?
நேற்று லாரியைப் பின்னால் எடுத்தேன்,
கண்ணாடியில் இல்லை, திரும்பிப் பார்த்து."

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன்.

அடுத்து வந்த பெண்ணுக்கும்
அதே முப்பத்தெட்டு.
தூக்கம் கலையாதவள்போல்
கண்மூடியே உட்கார்ந்திருந்தாள்.

நான் எதையும் ஊகிக்கவில்லை.