பொறுப்பு: ஒரு மொழிபெயர்ப்புக் குறிப்பு

ஒப்பந்தம் இன்னும் பேப்பரில் இருந்த காலம்.
கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா,
மத்தியானச் சாப்பாடு தனி.
அந்தச் சொற்றொடரை நான்தான் தமிழாக்கினேன்.

"காக்கும் கடமை" என்று முதலில் எழுதினேன்.
கடமை கடன் மாதிரிக் கேட்குது பிள்ளை,
ஒருத்தரும் கையெழுத்து வைக்க மாட்டினம் என்றார்
கணக்குப் பிரிவுச் சௌந்தரநாயகம், பகிடியாக.
வெட்டிவிட்டு
"பாதுகாக்கும் பொறுப்பு" என்று போட்டேன்.

மார்கிட் அதை வாசித்துப் பழகினாள்.
அவளுக்கு றகரம் வரவில்லை.
பொருப்பு, பொருப்பு என்றாள்.
பொருப்பு என்றால் மலை.
எங்கள் பக்கம் மலையே கிடையாது
என்று சொல்லிச் சிரித்தோம்.

மூன்று வருசம் கழித்து, ஆவணி முடிய,
அதே வளவுக்குள் வாகனங்களைக் கழுவினார்கள்.
போகிற வாகனத்தை ஏன் கழுவுகிறீர்கள் என்றேன்.
வெள்ளை நல்லாய்த் தெரியவேணும்,
மேலே இருந்து பார்க்கிறவனுக்கு,
என்றான் சாரதி கோகுலரமணன்.

கேற்றடியில் சனம் குந்தியிருந்தது.
ஒருவரும் கல் எடுக்கவில்லை.
ஒரு மனுசி, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு,
"தங்கச்சி, சாப்பாடு ஒண்டும் தரவேண்டாம்.
சும்மா இஞ்ச இருந்து பாத்தாலே காணும் எண்டு
அவையளுக்குச் சொல்லும்" என்றா.
சொன்னேன்.
மார்கிட் நிலத்தைப் பார்த்தபடி பதில் சொன்னாள்:
பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லையென்று
கடிதம் வந்திருக்கிறது.
அதையும் சொன்னேன்.

"ஆற்ற பாதுகாப்பு?" என்று கேட்டா மனுசி.

அந்த ஒன்றைத்தான் நான் மொழிபெயர்க்கவில்லை.
மார்கிட்டின் கண் அப்போது கலங்கியிருந்தது.
அழுகிறவளிடம் கேட்கக்கூடாது,
அது மரியாதை என்று நினைத்தேன்.

மாசியில் ஆசுப்பத்திரி
ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நடந்தது.
மார்கிட் விட்டுப்போன கையளவுக் கருவி
வானத்தைப் பார்த்துவிட்டு எண் சொல்லும்.
செய்மதித் தொலைபேசியில் நான் வாசித்தேன்.
ஒன்பது தசம் மூன்று.
எண்பது தசம் ஆறு.
மிச்ச இலக்கங்களையும் ஒவ்வொன்றாய்,
இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி.
இரைச்சலுக்குள்ளால் ஒரு குரல் திருப்பிச் சொன்னது,
ஒரு பிழையும் இல்லை.
"கிடைத்தது. உரியவர்களுக்கு அனுப்பிவைக்கிறோம்."

மறுநாள் விடிய ஏழு மணிக்குத் தெரிந்தது
உரியவர்களுக்குக் கிடைத்திருந்தது.

இரண்டாம் வகுப்பறையில்
பவளமலரின் கையிலிருந்து விழுந்த ஊசி
உடையாமல் கிடந்தது,
மருந்து நிரம்பியபடி.

பிறகும் மூன்று இடம் மாறினோம்.
எண்ணைக் கொடுப்பமோ என்று கேட்டால்
டொக்டர் ஒருமுறை வேண்டாம் என்றார்,
அடுத்தமுறை கொடு என்றார்,
கடைசிமுறை பேசாமல்
கையைக் கழுவப் போனார்.
தண்ணி இல்லை, திரும்பி வந்தார்.

இப்போது கிளிநொச்சியில் குளிரூட்டிய மண்டபங்கள்.
நாளுக்கு எட்டாயிரம், காலைச் சாப்பாடும் உண்டு.
"கற்றுக்கொண்ட பாடங்கள்" என்று தலைப்பு.
கண்ணாடிக் கூட்டுக்குள் என்னை இருத்தி
காதில் மாட்டித் தந்திருக்கிறார்கள்.
அந்தச் சொற்றொடர் இரண்டாவது பக்கத்திலேயே வந்தது.
பதினேழு வருசத்துக்கு முந்தி நான் போட்ட தமிழ்தான்,
அச்சில், தடித்த எழுத்தில்.
றகரம் சரியாக இருந்தது.

கேள்விகள் உண்டா என்றார் தலைவர்.
மண்டபம் அசையவில்லை.
நான் பொத்தானை அழுத்தி
அவர்களுடைய மொழியில் சொன்னேன்:
யாருடைய பாதுகாப்பு?

விருந்தாளிகள் காதைத் தொட்டுப் பார்த்தார்கள்.
யார் கேட்டதென்று
கதிரைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.
அந்த மனுசியின் பெயர் எனக்கும் தெரியாது.
இடுப்பு மாற்றின கை மட்டும் தெரியும்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
நல்ல கேள்வி,
தேநீர் முடியட்டும் என்ற மாதிரி ஒன்று சொன்னார்.
நான் அதை மண்டபத்துக்குச் சொன்னேன்:

பொறுங்கோ.