கழித்தல் குறி

நூலகத்தின் அடித்தளத்தில்,
குழந்தைகள் கதை கேட்கும் அறைக்கு நேர் கீழே
நிற்கிறது அது: கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாலம்,
பாலத்தில் தொங்கும் ஒற்றைப் பல்.
கணினி சொல்வதை மட்டும் செதுக்கும்.
செவ்வாயும் வியாழனும் இரண்டு மணி நேரம்.
பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்:
ராய்லி ஹக்கரைனென்.
தொழில்: பனி வாரும் வண்டி ஓட்டுவது.

முதல் நாள் ஒரு முனையை ஒடித்தேன்.
மேலே என்று நினைத்து அழுத்தியது கீழே.
டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
மேசையில் இருந்த யோனி
"பதினோரு யூரோ" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"போன மாதம் நான் ஒடித்தது மூன்று" என்றான்.

இரண்டாம் நாள் கருக்கினேன்.
மெதுவாய்ப் போனால் பிழைப்பாய் என்று
இருபது வருடம் பனிச்சாலையில் பழகிய கால் எனது.
அதே புத்தியில் வேகத்தைக் குறைத்து வைத்தேன்.
பல் நின்ற இடத்திலேயே நின்று தேய்த்தது.
பிர்ச் பலகை பழுப்பாகி, கறுப்பாகி,
யாரோ மீனுக்குப் புகை போடுகிறார்கள் என்றார்களாம்
மேலே பிள்ளைகள்.
சுழலும் வேகம் வேறு, நகரும் வேகம் வேறு;
மூக்கு வழியாகத்தான் எனக்குப் புரிந்தது.
தூள் வந்தால் நீ தேய்க்கிறாய்.
சுருள் வந்தால் வெட்டுகிறாய்.

அப்புறம் சுழி.
தரை எது, வானம் எது என்று
இயந்திரத்துக்குத் தெரியாது.
பலகையின் மேல் ஒரு தாளை வைத்து
தாள் லேசாகப் பிடிபடும் வரை பல்லை இறக்கி
இதுதான் சுழி என்று சொல்ல வேண்டும்.
அதற்கு மேலே எல்லாம் கூட்டல்,
கீழே எல்லாம் கழித்தல்.
இது உடனே பிடிபட்டது.
எங்கள் ஊரில் தெர்மாமீட்டரையும்
அப்படித்தான் படிக்கிறோம்.

நான் செதுக்க வந்தது ஏரியை.
ஹவுக்கியார்வியின் வயிற்றை.
மூன்று குளிர்காலம், உறைந்த ஏரியில்
மீனுக்குத் துளை போட்ட இடத்திலெல்லாம்
ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளந்தேன்.
இருநூற்றுப் பதினேழு துளை.
இரண்டே கால் மீட்டர், ஐந்து, ஐந்தரை,
நாணல் பக்கம் முக்கால்.
டீசல் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில்
கையுறையோடு எழுதிய கோணல் எண்கள்.
எதற்கு இது என்றாள் என் தங்கை மிர்யா.
மேலே கிடப்பதை வழித்துத் தள்ளுவதே என் பிழைப்பு,
அடியில் என்ன இருக்கிறது என்று
ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?

நாலு தடவை போய் எட்டு மணி நேரம்.
காதை அடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.
சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏரி இறங்கியது.

கடைசி வியாழன், மூடியைத் திறந்து தூசியை ஊதினால்
நட்ட நடுவில், பதினான்கு மீட்டர் ஆழம் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு தீவு.
தட்டைத் தலை, நாலு பக்கமும் செங்குத்து,
உச்சியில் பல் தொடாத மரம்.
யோனி எண்களின் மேல் விரலை ஓட்டினான்.
வரிசை நூற்று அறுபத்து மூன்று:
பதினான்கு. முன்னால் கோடு இல்லை.
இருநூற்றுப் பதினாறு முறை போட்ட சிறு கோட்டை
அங்கே மட்டும் விட்டிருக்கிறேன்.

அந்தத் துளை நன்றாக நினைவிருக்கிறது.
கயிறு தீர்ந்தும் குண்டு தரை தொடவில்லை.
பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் போட்டு நீட்டினேன்.
வீடு வரை ஒரு காலை இழுத்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாம் பலகை சரியாக வந்தது.
என் சமையலறையில் இருக்கிறது, ஆழமெல்லாம் ஆழமாக.
முதலாவதைப் படகுத்துறைக் காப்பிக்கடையில்
சிர்பா மாட்டிக்கொண்டாள்.
தீவுக்குப் பெயர் வை என்றாள். வைக்கவில்லை.

ஜூலையில் ஒரு ஜோடி வந்தது, வெளியூர்,
வாடகைத் துடுப்புப் படகு.
சுவரைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.
சாயங்காலம் தோள் சிவந்து திரும்பினார்கள்.
சிர்பா மன்னிப்புக் கேட்க வாய் திறக்கும் முன்
அந்தப் பெண் சொன்னாளாம்:
"அருமையான இடம்.
கரையேறத்தான் மனசு வரவில்லை,
பறவைகள் கூடு கட்டியிருந்தன."