இடம்: பெங்களூரு

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் கடை.
டைப்பிங் முப்பது, காப்பிக்கு மூன்று ரூபாய்.
யதீஷ் எதையும் புதிதாகத் தொடங்குவதில்லை.
யாருடையதோ ஒரு ரெஸ்யூமைத் திறந்து
பெயரை அழித்து என் பெயரை வைக்கிறான்.
பீன்யாவில் லேத் ஓட்டுறவரோடது, அக்கா.
நல்ல ஃபார்மேட்.
அவருக்கு வேலை கிடைச்சுடுச்சு.

ராசியான காகிதம் போல.

அனுபவம்? ஒன்பது வருஷம்.
அதில் எத்தனை புருவம் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நானும் எண்ணிப் பார்த்திருப்பேன்.
நூல் கடித்துக் கடித்து
முன்பல் ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது,
நாக்குக்கு மட்டும் தெரியும்.

நடுவுல பதினாலு மாசம் காலியா இருக்கே,
கேப்பாங்க, என்றான்.
ஹேர் கலர் பட்டுப் பட்டு
உள்ளங்கை வெங்காயச் சருகாக உரிந்த மாதங்கள்.
ரசம் சோற்றைக்கூட ஸ்பூனால் பிசைந்தேன்.
'குடும்பக் காரணம்' என்று அடித்தான்.
எனக்குக் குடும்பம் என்று இருப்பது
தம்பியும் அவன் கடனும்.
சரி, முழுப் பொய்யில்லை.

சான்றிதழ்
கம்மனஹள்ளி ஷைலஜா மேடத்தின் பீரோவில்.
சொல்லாமல் நின்றால் தரமாட்டேன் என்றார்.
சொல்லிவிட்டுத்தான் நின்றேன்.
அப்போதும் தரவில்லை.

சிபாரிசுக்கு யார் பெயர் போடறது?
என்னைத் தெரிந்தவர்களின் பெயர்
எனக்குத் தெரியாது.
மேலுதட்டில் மச்சம் உள்ள பேங்க் அம்மா.
வேக்ஸ் இழுக்கும்போதெல்லாம் விவாகரத்து பற்றிப் பேசி
அப்புறம் அதே ஆளோடு கோவா போனவள்.
இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே ஏறிய
லெக்சரர்,
அது அவளுக்கே தெரியாது.
மூன்று பேரும்
கண்ணை மூடிக்கொண்டுதான்
என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

தெரிந்த மொழிகள்:
தமிழ், கன்னடம், தெலுங்கு, பார்லர் ஹிந்தி.
இங்கிலீஷ், 'வலிக்குதா மேடம்' வரைக்கும்.
யதீஷ் 'சரளம்' என்று போட்டான்.

ஒரு வரி மட்டும் பழையது, அப்படியே நின்றது.
என்ன இது என்று திரையில் விரல் வைத்தேன்.
ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குகூடப்
பிசகாம வெட்டத் தெரியும்னு அர்த்தம்.
லேத்காரரோடது அக்கா, எடுத்துடறேன்.

இருக்கட்டும் என்றேன்.

இந்திராநகர் பஸ்ஸில்
எழுத்துக்கூட்டிக் கடைசி வரிக்கு வந்தேன்.
மேற்கண்ட யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்.
இடம்: பெங்களூரு.
அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள்,
ஆர். ப்ரசன்ன குமார்.

பத்துக் காப்பியிலும் அவன்தான்.
என் ஒன்பது வருஷத்துக்கும்
என் பதினான்கு மாதத்துக்கும்
முகம் தெரியாத ஒரு லேத்காரன்
உறுதி கூறிக்கொண்டிருந்தான்.

பையில் பேனா இல்லை.
புருவப் பென்சில் இருந்தது, அடர் பழுப்பு.
அவன் பெயரை ஒரே கோடாக அடித்து
மேலே ஜெனோவா மேரி என்று எழுதினேன்,
பஸ் நிற்கும்போது மட்டும்,
காப்பிக்கு ஒரு சிக்னல்.
பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்து
என்ன ஷேடு என்று கேட்டாள்.
ஏழாவது முடிவதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது.
மீதி மூன்றில் இன்னும் அவன் இருக்கிறான்.

மேனேஜர் காகிதத்தை வாங்கி
காபி கப்புக்கு அடியில் வைத்தாள்.
ஈரம் வட்டமாக ஊறியது.
புருவப் பென்சில் தண்ணீருக்குக் கரையாது.

ட்ரயல், என்றாள்.
நாற்காலியில் சாய்ந்தாள்.
வலது புருவத்தின் வால் பக்கம்
யாரோ அவசரக்காரி
நாலு முடி அதிகமாக எடுத்திருந்தாள்.
இரண்டு வாரம் தொடாமல் விடவேண்டிய இடம்.
அதைச் சொல்லிவிட்டு
நூலை அறுத்துப் பல்லில் கடிக்கும் முன்,
அவள் கண் மூடியிருக்கும்போதே,
சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.