நீலக் குடம் இருக்கட்டும்

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பஸ் ஏறி
வேப்பனஹள்ளி போகும் வழியில்
முதல் வரியை எழுதி வைத்திருந்தேன்:
மண் மணக்கும் ஒரு காலைப்பொழுது.
மணந்தது டீசல்.
பக்கத்து இருக்கையில் ஒருவர்
மடியில் பழைய டிவியை வைத்துக்கொண்டு
குழந்தையைப் போல அதற்கு வெயில் மறைத்தார்.

சாக்கம்மா வாசலிலேயே கேட்டாள்:
"எந்தப் பொடவ கட்டணும்?
போன தடவ வந்தவங்க
கிழிஞ்சது இருக்கான்னு கேட்டாங்க."

செருப்பைக் கழற்றினேன்.
வேறு பதில் வரவில்லை.

பச்சை நைட்டியின் மேல் துண்டு போட்டு
அப்படியே அடுப்படிக்கு நடந்தாள்.
கேஸ் அடுப்பு. உறை தைத்துப் போட்ட மிக்ஸி.
ஆணியில் கம்பெனி அடையாள அட்டை,
அதில் சிரிக்காத இன்னொரு சாக்கம்மா.
மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு வேன் வரும்,
அதற்குள் முடிக்கணும் என்றாள்.

என் பையில் ஒரு மண்சட்டி இருந்தது.
நேற்று சந்தையில் நூற்றெண்பது ரூபாய்.
அடியில் விலைச்சீட்டு உரியாமல்.
திருப்பித் திருப்பிப் பார்த்தவள்
"பழக்காத சட்டி, நெருப்புல வெச்சா விட்டுடும்.
உள்ளயே வை.
போறப்ப கொண்டுபோய்க் கொழம்பு வையி."

அலுமினியக் குண்டானில் நொய் கொதித்தது.
கேவுரு மாவைக் குவியலாகக் கொட்டி
நடுவில் கட்டையால் ஒரு குழி,
தட்டு மூடி, தீயைக் குறைத்து,
எனக்கு முதுகு காட்டி நின்றாள்.
அந்த நேரத்தில்தான்
ஓரத்து நீலப் பிளாஸ்டிக் குடத்தை
சத்தமில்லாமல் சட்டகத்துக்கு வெளியே நகர்த்தினேன்.

திரும்பாமலே சொன்னாள்:
"தண்ணி வேணும் எனக்கு. அங்கியே வை."

வைத்தேன்.
படம் முழுக்க அந்த நீலம் இருக்கிறது இப்போது,
குண்டானை விடப் பெரிதாக.

கட்டி தட்டாமல் கிண்டி முடித்து
கட்டையை வழித்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.
லாரியில் இரண்டு நாள் ஓட்டி வந்த முனிவெங்கடப்பா
பனியனோடு எழுந்து வந்தார்,
தண்ணீரில் கை நனைத்தார்,
ஆவி பறக்கப் பறக்க உருட்டினார்.
"உருண்ட புடிக்கிறது அவருக்குத்தான் வரும்.
எனக்குச் சப்பட்டையாப் போயிடும்."
தாயின் கைகள் என்று தொடங்கும்
என் இரண்டாவது பத்தி
அங்கே செத்தது.

கீரை கடைந்ததோடு எனக்கும் ஒரு உருண்டை.
கடிக்கப் போனேன்.
மெல்லக் கூடாது, முழுங்கணும் என்று
இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

சாப்பிட்டதும், எடுத்தவரை போனில் காட்டினேன்.
முன்பே சேர்த்து வைத்திருந்த புல்லாங்குழல்
அடியில் மெல்ல இழைந்தது.
கொஞ்ச நேரம் கேட்டாள்.
"யார் செத்தது?"

முனிவெங்கடப்பா சிரித்ததில்
அவருக்குப் புரை ஏறியது.

குழலை எடுத்துவிட்டேன்.
பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில்,
கட்டை குண்டானில் முட்டும் சத்தம்,
தெருவில் உப்புக்காரரின் மணி,
அவ்வளவுதான் மிச்சம்.
போதுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வேன் வருவதற்குச் சற்று முன்
தலை வாரிக்கொண்டே
கணவனிடம் தெலுங்கில் என்னவோ சொன்னாள்.
அவர் பதில் பேசாமல்
துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
ஏழு நொடி. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
"அதுக்குக் கீழ எழுத்துப் போடாத," என்றாள் என்னிடம்,
தமிழில். "அது எங்களோடது."

இரவு பெங்களூரிலிருந்து அழைத்தார்கள்.
நன்றாக இருக்கிறதாம். குடம்தான் கொஞ்சம் உறுத்துகிறதாம்.
அப்புறம் அந்த ஏழு நொடியில்
அந்தம்மா என்ன சொல்கிறார்?

எனக்குத் தெலுங்கு தெரியாதே என்றேன்.

பழையபேட்டையில் பிறந்தவன் நான்.
எங்கள் தெருவில் பாதிச் சண்டை தெலுங்கில்தான் நடக்கும்.