பேசின் பிரிட்ஜில் நிற்கிற வண்டி

முப்பத்தோரு வருஷம் அவன் முதுகுக்குப் பின்னால்
டிரம்ஸ் அடித்தவன் நான்.
பிலவேந்திரனின் முகத்தைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.
வலது தோள் தெரியும். அது இறங்கினால்
பாட்டு முடியப்போகிறது.
இறங்காத இரவுகளும் உண்டு.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் வேலை அவனுக்கு.
கிரேக்கக் கப்பலின் சமையல்காரன்
அரைக்கிலோ மிளகாய்த்தூளுக்கு விட்டுப்போன இசைத்தட்டில்
யாரோ ஒரு கிழவன் கிதாரை வைத்து அழுதான்.
ஒரு சொல் புரியவில்லை எங்களுக்கு.
"இவனுக்கும் சம்பளம் வரலடா" என்றான் பிலவேந்திரன்.

ஐ.சி.எஃப். கடைசலில் மச்சான் அறுத்துக்கொடுத்த
பித்தளைக் குழாய்த் துண்டு சுண்டுவிரலில் ஏறியது.
பக்கத்து விரல் மோதிரம் அப்போது
ராயபுரம் சேட்டுக் கடையில்.

ஆர்மோனியக்காரர் தேவசகாயம்
மூன்று முறை கட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு,
"நீ பிடிக்கிற காந்தாரம் இதுல இல்லையே.
சின்னதும் இல்ல, பெரிசும் இல்ல" என்றார்.
"பேசின் பிரிட்ஜ் தாண்டி, சென்ட்ரலுக்கு முன்னாடி
வண்டி சும்மா நிக்கும் பாருங்க,
பொட்டியெல்லாம் எறக்கிக் கதவாண்ட வெச்சிக்கினு
சனம் நிக்குமே,
அங்க இருக்கு சார் அது."

பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிறிஸ்துமஸ் இரவில்
ஆடிய ஜோடிகள் நடுவில் நின்று வால்ட்ஸ் கேட்டார்கள். வாசித்தான்.
மவுண்ட் ரோடு ஓட்டலில்
சூப் வரும்போது சத்தத்தைக் குறைக்க வேண்டும்,
ஐஸ்கிரீமுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.
வடபழனி ஸ்டூடியோவில்
"கம்பிய இழுக்காதய்யா, நேரா வாசி."
நேராக வாசித்தான். பாட்டு ஓடியது. பெயர் வரவில்லை.
இழுத்து வாசித்த நாலு விநாடியை மட்டும்
மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்:
வலிக்கிற இடத்தில் இவன்.
குணமாகிற இடத்தில் புல்லாங்குழல்.

எண்ணூர் கச்சேரிப் பணத்தில் நாற்பது ரூபாய் குறைந்ததற்கு
எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.
மேடையில் மட்டும் "ம்" என்பான்,
நான் நாலு எண்ணுவேன்.
எடுத்தது நான்தான். இன்னும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை, ஈ.சி.ஆரில் ஒரு காபிக்கடை.
ஒரு பெண் மைக்கில் "ஜாம்பவான்" என்றாள்.
அவன் பாதி திரும்பி, "பெட்ரோல் காசு தனியா, கேட்டியா?"
முன்வரிசைத் தாடிக்காரன் எழுந்தான்:
ப்ளூஸ் வாசிக்க நிறையக் கஷ்டப்பட்டிருக்க வேண்டுமா, சார்?
"ஆம்ப்ளிஃபயரை நாலு மாடி தூக்கணும்.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டுல லிஃப்ட் கிடையாது."

சிரித்தார்கள். அவன் சிரித்தானா, தெரியாது.

இரண்டாவது பாட்டில் கீழ்க்கம்பி அறுந்தது.
மிச்ச அஞ்சில் ஒன்றை இழுத்து
அந்தக் காந்தாரத்தில் போய் நின்றுகொண்டான்.
தோள் இறங்கவில்லை.
தூக்கிய குச்சியோடு நான்.
கேக் தட்டோடு பாதி வழியில் ஒரு பையன்.
சிக்னல் விழவில்லை, விழவேயில்லை.
எனக்கு அந்த நாற்பது ரூபாய்
ஞாபகம் வந்தது.