மூன்றடி ஒயர்

ஓட்டேரி பாலத்துக்கு இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்.
பேப்பர் சிக்கும் மிஷினுக்குப் பின்னால்
ஒரு பெட்டி டிவி,
கடனுக்குப் பதிலாக ஒருத்தர் விட்டுப்போனது.
அதோடு ஒரு கேம் பெட்டி, மஞ்சள் கேசட்.
மேலே ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று அச்சடித்த பொய்.
எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

அரை மணிக்குப் பத்து ரூபாய்.
யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.
எல்லார் வீட்டிலும் போன்,
போனுக்குள் தீவு, பாராசூட்,
நூறு பேர் குதித்துச் செத்துப்போகும் சண்டை.
வந்தார்கள்.
ஸ்கூல் பையைக் கழற்றாமல்,
தங்கள் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகுமுன்னே
பழசாகிப்போன ஆட்டத்துக்கு.

ஷெர்லினும் தஸ்தகீரும் ஜோடி.
திரையில் நகத்தளவு இரண்டு ஆள்,
நீலக் கால்சட்டை ஒன்று, சிவப்பு ஒன்று.
நீலம் யாருக்கு என்பதிலேயே
முதல் ஐந்து நிமிடம் போய்விடும்.

அதில் அருவிக் கட்டம் என்று ஒன்று.
பாறை பாறையாகத் தாவி ஏற வேண்டும்.
முன்னால் போகிறவர் அவசரப்பட்டால்
படம் மேலே நகர்ந்துவிடும்,
பின்னால் நிற்பவர் செத்தார்.
குண்டு வேண்டாம், எதிரி வேண்டாம்,
கூட்டாளியின் வேகம் போதும்.
"இருடீ, இன்னும் கால் வைக்கல" என்று கத்துவான்.
அவள் பாறை நுனியில்
நின்ற இடத்திலேயே எம்பி எம்பிக் குதிப்பாள்.
அந்த ஆட்டத்தில் காத்திருப்பது என்றால் அதுதான்.

உயிர் தீர்ந்தவர் ஒரு பட்டனை அழுத்தினால்
மற்றவர் கணக்கில் ஒன்று குறைந்து
இங்கே வந்துவிடும்.
கேட்காமல் எடுத்ததற்கு
முழங்கையால் விலாவில் ஒரு இடி.
போனில், நூறு பேரில், யாரை இடிப்பது?

ஆடியில் கால்வாய் ஓரத்து வீடுகளுக்கு நம்பர் எழுதினார்கள்.
ஐப்பசிக்குள் தஸ்தகீர் வீடு
பெரும்பாக்கம் போனது. ஏழாவது மாடி.
ஒதுக்கீட்டுத் தாள் என் கடையில்தான் ஜெராக்ஸ்,
மூன்று காப்பி.
காசு வாங்கினேன். வாங்காமல் இருந்திருக்கலாம்.

ஷெர்லின் தனியாக ஒருநாள் ஆடினாள்.
யாருக்கும் நிற்க வேண்டியதில்லை,
சீக்கிரமே அருவி உச்சிக்குப் போய்விட்டாள்.
போனதும் கைப்பிடியைக் கீழே வைத்து
"அக்கா, பதினெட்டு நிமிஷம் பாக்கி இருக்கு,
எழுதி வச்சுக்கோங்க" என்றாள்.
எழுதி வைத்தேன்.

போன ஞாயிறு அவன் வந்தான்.
இரண்டு பஸ் மாறி, தலை நனைந்து.
"இதே ஆட்டம் போன்லயும் வருதேடா,
அங்கேர்ந்தே ஆடலாமே" என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தான்.
கைப்பிடியின் ஒயரை விறைப்பாக இழுத்துக் காட்டினான்.
மூன்றடி.
அதற்குள் இரண்டு பேரும் உட்கார்ந்தாக வேண்டும்.

பாக்கி நிமிடங்களை எடுத்துக்கொண்டார்கள்.
அருவியில் அவனுக்குக் கை பழக்கம் விட்டிருந்தது,
திரும்பத் திரும்ப வழுக்கினான்.
மேலே நீலக் கால்சட்டை
எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது.
மிஷினில் பேப்பர் சிக்கிப் பீப் அடித்தது.
அடிக்கட்டும்.