அரைப்புள்ளி

பிரிந்தபோது எல்லாவற்றுக்கும் சிட்டை இருந்தது.
இசைகுடிமானத்தை ஒரு பக்கம், சாமான் கணக்கை ஒரு பக்கம் விரித்து
அடைக்கப்ப அம்மான் வாசிக்க வாசிக்க
வைரத்தோடு போனது, வெள்ளிச் செம்பு போனது,
எவர்சில்வர் வாளி பதினான்கும் போனது.
(ரெண்டு ரூம் பிளாட்டுக்கு எதற்குப் பதினான்கு
என்று வந்த அன்றே கேட்டிருந்தேன்.)
லாரி பள்ளத்தூர்ப் பக்கம் திரும்பியது.

பாட்டு எந்தச் சிட்டையிலும் இல்லை.
ஒன்பதாயிரத்து நாற்பத்தொன்று.
ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல்:
எங்கள் கல்யாணத் தேதி, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.
அவளும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.
வக்கீலுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

செக்காலை ரோட்டில் டைல்ஸ் கடையைப் பூட்டி
ஒன்பதே முக்காலுக்கு வருவேன்.
கல் காயும் நேரத்தில் ஒழுங்கு செய்வேன்.
'டிராக் 07' என்று பதின்மூன்று பேர் கிடந்தார்கள்,
தாய் தகப்பன் தெரியாமல்.
ஒவ்வொருவரையும் முழுக்கக் கேட்டுப் பெயர் போட்டேன்.
ஒரு பாட்டு மூன்று பிரதி இருந்தது.
ஒன்றில் மட்டும் சரணத்துக்கு முன்
ஒரு நொடி கரகரப்பு.
மற்ற இரண்டையும் அழித்தேன்.

நட்சத்திரத்தில் நான் கஞ்சன்.
ஐந்து என்பது நாற்பது பாட்டைத் தாண்டக் கூடாது.
சிகப்பி அள்ளிக் கொடுப்பாள்.
மழை வந்தால் நாலு,
பல்லவி சுமாராக இருந்தாலும்
தபேலா ஓரிடத்தில் சிரித்துவிட்டால் ஐந்து.
"ஸ்டாக் எடுக்குற மாதிரி பாட்டுக் கேக்குறீக" என்பாள்.
அது உண்மைதான்.

அந்தக் கரகரப்புப் பாட்டு.
குன்றக்குடி விலக்கில் டயர் பஞ்சரான மதியம்
காருக்குள் ஒன்பது தடவை ஓடியது.
ஜாக்கி இல்லை, நிழல் இல்லை,
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
டாஷ்போர்டில் தாளம் போட்டாள்.
நான் கத்தினேன், எதற்கென்று நினைவில்லை.

புரட்டாசியில் ஓர் இரவு
அதை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்.
காலையில் நாலு.
மென்பொருள் கோளாறு என்று ஒன்றாக்கினேன்.
பத்து நிமிடம்கூட இல்லை, தோசை திருப்புவதற்குள் ஐந்து.
சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

அதன்பின் வேறு பேச்சில்லை எங்களுக்குள்.
நான் இறக்குவேன், அவள் ஏற்றுவாள்.
சில நாள் அவளாக எதையாவது இறக்கி வைப்பாள்,
எனக்குப் பிடித்ததாகப் பார்த்து.
ஒரு வாரம் எதுவும் அசையாவிட்டால்
காய்ச்சலோ என்று நினைத்துக்கொள்வேன்.

தை மாதம் நகரக் கோயிலில் வரி கட்டப் போனேன்.
கணக்கர் நோட்டைத் திறந்து பேனாவைத் தூக்கியபடி இருந்தார்.
சோடியாக இருந்தால் ஒரு புள்ளி.
"தம்பி, இதுக்கு என்ன போட?"
"அரைன்னே போடுங்க."
"அது ஒருத்தவுக செத்துப்போனாலுல்ல."
பின்னால் வரிசை நீண்டது.
ஃபேனில் ரசீதுகள் படபடத்தன.
"இப்போதைக்குப் பென்சிலில் வைக்கிறேன்" என்றார்.

அன்றைக்குத்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன்,
விரலை அழுத்திப் பிடித்தால்
நட்சத்திரம் பாதியாகவும் நிற்கும்.
கரகரப்புப் பாட்டுக்கு இரண்டரை கொடுத்தேன்.
கஞ்சத்தனம் இல்லை, கோபமும் இல்லை.
தோசை கருகியதைக்கூட அப்புறம்தான் பார்த்தேன்.

மறுநாள் இரண்டரை.
அதற்கு மறுநாளும் இரண்டரை.
கடையில் ஒருவருக்கு வெள்ளை டைலுக்குப் பதில்
தந்த நிறத்தை ஏற்றி அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் இரவு பார்த்தேன்.
நட்சத்திரம் அப்படியே இருந்தது.
ஓடிய எண்ணிக்கை மட்டும்
நூற்றுப் பதினெட்டிலிருந்து நூற்று இருபத்தேழு.
நான் ஒரு தடவைகூடப் போடவில்லை.